தலை தட்டாத அரைப்படி

1

பொங்கல் முடிந்த வாரம் இது. இங்கே ஜெர்மனியில் அது வெறும் ஜனவரியின் மூன்றாம் வாரம். சன்னலுக்கு வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. 1977-இல் இதே வாரத்தில்தான் என் தம்பி அந்தோணிக்கு நல்லம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிச்சயம் நடந்தது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. நாள்களைக் குறித்து வைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். ஆனால் இந்த முறை அந்த நாளை நினைவுபடுத்தியது என் மகள்.

அனிதாவுக்கு ஏழு வயது. அவள் வகுப்பில் பிள்ளைகளின் வீட்டுப் பலகாரங்களை எல்லாம் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். இத்தாலியப் பிள்ளை ஒன்று, துருக்கிப் பிள்ளைகள் இரண்டு, நம்முடையது ஒன்று. ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கோப்பை, கரண்டி, கைப்பிடி என்று யாரும் எழுதக் கூடாது. எல்லாம் கிராமில் இருக்க வேண்டும்.

நான் கச்சாயம் சொன்னேன். மற்ற ஊர்களில் இதை அதிரசம் என்பார்கள்.

"அரிசி எவ்ளோம்மா?"

"அரைப்படி."

"அரைப்படி எத்தன கிராம்?"

"தலை தட்டியா, கூம்பாவா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "கேள்வி கேட்டது நான்" என்றாள், ஜெர்மன் மொழியில். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

அளவையின் விளிம்போடு கையால் வழித்து விட்டால் தலை தட்டியது. வழிக்காமல், மேலே குவிந்து நிற்கிறபடியே விட்டால் கூம்பு. இதைத் தமிழில் சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். ஜெர்மனில் சொல்ல முயன்று பாதியில் நின்றுவிட்டேன்.

2

நான் இங்கே வந்தது 1970-இல், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு. மொழி வகுப்பில் மூன்று மாதம் இருந்துவிட்டு, தைரியமாகத் தனியாக ஒரு கடைக்குப் போனேன். அரிசி வேண்டும். ஊரில் அரிசி அளந்து போடும் பொருள். அளக்கிற பொருளுக்கு இந்த ஊரில் லிட்டர் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனவே, "இரண்டு லிட்டர் அரிசி கொடுங்கள்" என்று கேட்டேன்.

கடைக்கார அம்மாள் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "மகளே, அரிசி என்ன பால் மாதிரி ஓடுமா?" என்றார்.

எனக்கு முகம் சிவந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அரிசி ஓடத்தானே செய்கிறது? மூட்டையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் போலத்தான் ஓடுகிறது. ஆனால் தண்ணீர் கடைசி வரை ஓடிப் பரவிவிடும். அரிசி ஓரளவு ஓடி, பிறகு தானாக நின்றுவிடும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? பதில் தெரியாமல், அந்தக் கேள்வியையும் அன்றைய தேதியோடு குறித்து வைத்தேன்.

இந்த ஊரில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் ஒரு தராசு இருக்கும். மேலே ஒரு தட்டு, முகத்தில் கடிகாரம் போல ஒரு முள். மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் சட்டிக்குள் போகும். முதல் முறை அதைப் பார்த்தபோது கோயிலில் நிற்பது போல நின்றேன். ஊரில் தராசு வியாபாரிக்கும் தட்டானுக்கும் உரியது. இங்கே ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து தனக்கு ஒரு கேக் செய்துகொள்வதற்குத் தராசு!

3

நான் பிறந்தது அரூர் பக்கம். அப்போது அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் இரண்டாம் தேதிதான் தர்மபுரி தனி மாவட்டமானது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கிலோ வந்துவிட்டது. அரூர் சந்தையில் பலமும் வீசையும் மறைந்து, ஆறு பக்கம் வைத்த புது இரும்பு எடைக்கற்கள் வந்தன. வெல்லம், புளி, மிளகாய் எல்லாம் கிலோவுக்கு மாறின. வீசை என்றால் ஒரு கிலோ நானூறு என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோம்.

தானியம் மட்டும் மாறவில்லை. கடையில் கிலோவில் வாங்கினாலும் வீட்டுக்குள் வந்ததும் அது படியாகிவிடும். உலைக்குப் படி, விதைக்குப் படி, அறுப்புக் கூலிக்குப் படி. அப்பா களத்தில் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகு "ரெண்டு, மூணு" என்று போவார். கடனுக்குக் கொடுத்ததையும் திரும்ப வாங்குவதையும் தலை தட்டி அளப்பார். கூலிக்கும் கோயிலுக்கும் கூம்பாக அளப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஆக, எங்கள் அடுப்படியில் இரண்டு உலகம் இருந்தது. அரிசி கொள்ளளவில் வரும், வெல்லம் எடையில் வரும். இரண்டும் ஒரே சட்டியில் சேர வேண்டும். அம்மா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: அரைப்படி அரிசிக்கு அறுநூறு கிராம் வெல்லம். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் தவறியதே இல்லை.

4

1977 ஜனவரியில் நான் ஊருக்குப் போனேன். தம்பிக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் பெயர் லூர்துமேரி. தவக்காலம் தொடங்கும் முன் நிச்சயத்தை முடிக்க வேண்டும் என்று அவசரம். வருங்கால நாத்தனார் என்ற முறையில் அவளுக்கு நான் வாங்கிக்கொண்டு போனது ஒரு சமையலறைத் தராசு.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா? தங்கம் நிறுக்கவா?"

"இல்ல சார், அரிசி, மாவு நிறுக்க."

"அரிசி நிறுக்க ஜெர்மனியிலேர்ந்தா?"

அவர் தன் பேனாவைத் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். முள் லேசாக நகர்ந்தது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இரண்டு பேருமாக அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கள் உறவில் நிச்சயத்துக்கு ஒரு முறை உண்டு. முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்கு நாலு அரைப்படி அரிசி, அவரவர் வீட்டு அளவையால் அவரவர் அளந்து, ஒரே அண்டாவில் போட வேண்டும். கூம்பாகத்தான் அளக்க வேண்டும். அது கொடுக்கிற அளவு. இரண்டு வீட்டு அரிசியும் ஒன்றாக ஊறி, ஒன்றாக இடிபட்டு, மாப்பிள்ளை வீட்டு வெல்லப் பாகில் கலந்து, மறுநாள் காலை கச்சாயமாக எண்ணெயில் இறங்கும். பங்குச் சாமியார் வந்து செபம் சொன்னதும் அதைத்தான் முதலில் எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

அம்மா எங்கள் வீட்டு அரைப்படியைக் கொண்டு வந்திருந்தார். பித்தளை. உயரம் குறைவு, வாய் அகலம். பெண்ணின் அப்பா சின்னப்பன் மாமா அளந்தது மூங்கில் அரைப்படியில். ஒல்லியாக, உயரமாக, பல வருடக் கைபட்டுக் கறுத்து மின்னியது. இரண்டும் அரைப்படிதான். எட்டு அரைப்படிக்கும் அம்மா தன் கணக்குப்படி வெல்லத்தை நிறுத்துப் போட்டார்.

5

மறுநாள் காலை எண்ணெய் காய்ந்ததும் அம்மா முதல் கச்சாயத்தைத் தட்டிப் போட்டார். அது ஒரு நொடி வட்டமாக மிதந்தது. பிறகு ஓரம் நுரைத்து, இழை இழையாகக் கரைந்து, எண்ணெய் முழுக்கத் தூளாகப் பரவியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அம்மா கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

என் அப்பாவின் அக்கா ஞானம் அத்தை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாடி இது, எண்ணெயிலயே பிரிஞ்சி போவுது. ரெண்டு வூட்டு அரிசி ஒண்ணா நிக்க மாட்டேங்குதே. நல்லதுக்கில்ல இது."

பெண்ணின் அம்மா பதறிப்போனார். "அப்பிடிச் சொல்லாதீங்க. வெல்லம் கூடிப் போச்சுங்க, வேறொண்ணும் இல்ல."

"வெல்லம் நாங்க நிறுத்துப் போட்டது. கிலோக் கல்லு பொய் சொல்லாது. அரிசியிலதான் கொற. அந்த மூங்கிப் படிய நேத்தே பாத்தேன். ஊதுகொழலாட்டம் இருக்குது."

இந்த வார்த்தை கூடத்தில் இருந்த சின்னப்பன் மாமா காதில் விழுந்துவிட்டது. அவர் மெதுவாக எழுந்து வந்தார்.

"அந்தப் படியிலதாங்க எங்க வூட்டுல ஆளுங்களுக்குக் கூலி அளக்கறோம். கோயிலுக்கும் அதுலதான். கொறச்சி அளக்கற வூடுன்னு ஒரு வார்த்த வந்துட்டா, அப்பறம் இங்க நிச்சயம் ஆவாது. நீங்க கெளம்பலாம்."

அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்த அந்தோணி வாசலில் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. இந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று ஒரு வருடமாக வீட்டில் சண்டை போட்டவன் அவன். பத்து மணிக்குச் சாமியார் வந்துவிடுவார். அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"வார்த்தை எதுக்கு?" என்றார் அத்தை. "சீர்த் தட்டுல தராசு இருக்குது. போட்டுப் பாத்தா தெரிஞ்சி போவுது."

"போடுங்க" என்றார் மாமா.

பழம், பூ, புடவைக்கு நடுவில் இருந்த என் தராசை யாரோ எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். இவ்வளவு தூரம் கடல் தாண்டிக் கொண்டு வந்த பொருள் என் தம்பியின் கல்யாணத்தை நிறுத்தப் போகிறதா?

பாத்திரத்தின் எடையைக் கழித்துக்கொண்டு, பித்தளைப் படியால் ஒன்று கூம்பாக அளந்து கொட்டினேன். முள் எண்ணூறு கிராமில் நின்றது. மூங்கில் படியால் கூம்பாக ஒன்று. எழுநூற்றுப் பதினைந்து.

"பாத்தீங்களா!" என்றார் அத்தை. நாலு அரைப்படிக்கும் சேர்த்தால் முந்நூறு கிராமுக்கு மேல் குறைவு.

சின்னப்பன் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த மனிதர் பொய் அளவு அளந்தவர் இல்லை. அது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் முள்ளும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மையும் எதிரெதிராக நின்றன.

அப்போது உள் அறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி கட்டிய புடவையோடு, ஒரு பக்கம் மட்டும் பூ வைத்த தலையோடு லூர்துமேரி.

"அண்ணி, ரெண்டுலயும் அந்தக் கூம்பத் தட்டிட்டு ஒருக்கா நிறுங்க."

அத்தை திரும்பினார். "நல்ல காரியத்துல தலை தட்டறதா? பொண்ணு பேசற பேச்சா இது?"

"அளக்க வேணாங்க அத்த. பாக்கத்தான்."

நான் பித்தளைப் படியை நிரப்பி விளிம்போடு வழித்துக் கொட்டினேன். அறுநூற்று எழுபது. மூங்கில் படியை நிரப்பி வழித்துக் கொட்டினேன்.

முள் ஏறியது. ஆடியது. அறுநூற்று எழுபதில் நின்றது.

மாமா குனிந்து முள்ளைப் பார்த்தார். அத்தையும் குனிந்தார். இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. "திரும்பப் போடு" என்றார் அத்தை. போட்டேன். முள் ஒரு மயிரிழை இப்படி அப்படி, அவ்வளவுதான். எங்கள் ஊரில் யார் செய்தது என்று தெரியாத ஒரு பித்தளையும், நல்லம்பள்ளிப் பக்கம் யாரோ வெட்டிய ஒரு மூங்கிலும், ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே அளவைப் பல வருடமாகச் சுமந்திருக்கின்றன.

"அப்பறம் அந்த எம்பத்தஞ்சு கிராம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "வாயிலேர்ந்துங்க மாமா. எங்க படிக்கு வாய் அகலம். மேல நிக்கற கூம்பு பெருசு. உங்க படி ஒசரம், வாய் சின்னது. கூம்பும் சின்னது. யாரும் கொறச்சி அளக்கல."

பெண்ணின் அம்மா இதற்காகவே காத்திருந்தவர் போல, "அந்த வூட்டுக்கு வாய் பெருசுன்னு நேத்து வந்ததுலேர்ந்து பாத்துட்டுத்தானே இருக்கறேன்" என்றார், அடுப்பைப் பார்த்தபடி.

ஞானம் அத்தையின் உதடு இறுகியது. பிறகு அது ஓரத்தில் அவிழ்ந்தது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமாண்டி, எங்க வூட்டுக்கு வாய் பெருசுதான். உன் பொண்ணுக்கு மட்டும் என்னா? நிச்சயத்தன்னிக்கே கூடத்துல நின்னு நாயம் பேசறா. எங்க வூட்டுக்குத் தகுந்தவதான்."

வாசலில் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாக உள்ளே திரும்பிப் பார்த்தான்.

சல்லடையில் மிஞ்சிய அரிசி மாவைச் சின்னப்பன் மாமாவே போய் எடுத்து வந்தார். எங்கள் பித்தளைப் படியை வாங்கி, அதிலேயே கூம்பாக எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதிலிருந்து இரண்டு கை அள்ளிப் பிசைந்து, சற்று நேரம் விட்டு, ஒன்றைத் தட்டிப் போட்டார். அது வட்டமாக மிதந்தது. ஓரம் சிவந்தது. நின்றது. மாவு சேர்த்ததால் நின்றதா, அதற்குள் எண்ணெயின் சூடு தணிந்ததால் நின்றதா என்று நான் இன்றும் சாதிக்க மாட்டேன்.

சாமியார் வந்தபோது கூடத்தின் நடுவில் தராசும், சுற்றிலும் அரிசியும், எல்லோர் கண்ணிலும் சிரித்த ஈரமும் இருந்தன. "என்னப்பா, கடைசித் தீர்ப்பு இன்னைக்கேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

6

அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு லூர்துமேரியும் நானும் அந்தத் தராசை விடவில்லை. கேழ்வரகு, வத்தல்மலைச் சாமை, நிலக்கடலை, அரிசி மாவு என்று வீட்டில் இருந்ததை எல்லாம் அளந்து அளந்து நிறுத்தோம். ஒரே படி. ஆனால் மாவு, அரிசியின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மீதி இடத்தில் என்ன இருக்கிறது? காற்று. இத்தனை காலம் படி படியாகக் காற்றையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறோம் என்று அவள் வியந்தாள்.

எனக்கு வியப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரே அரிசியை அவள் ஊற்றினாலும் நான் ஊற்றினாலும், வேகமாக ஊற்றினாலும் மெல்ல ஊற்றினாலும், கூம்பின் சரிவு மாறவில்லை. கேழ்வரகு உருண்டு ஓடித் தாழ்வாக நின்றது. மாவு செங்குத்தாக ஏறி நின்றது. ஒவ்வொரு தானியத்துக்கும் தான் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நாம் படியை மட்டும்தான் செய்கிறோம். விளிம்புக்கு மேலே இருப்பதை அது தானே செய்துகொள்கிறது. அதைத்தான் எங்கள் ஆட்கள் கொடுக்கிற அளவு என்று வைத்திருந்தார்கள். கடனுக்கு விளிம்பு வரை. கொடைக்கு, அது தானாக நிற்கும் வரை. கடைக்கார அம்மாளிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஆறு வருடம் கழித்து நல்லம்பள்ளிப் பக்கத்தில் கிடைத்தது: ஆமாம், ஓடும், ஆனால் அதற்கு நிற்கவும் தெரியும்.

கிளம்பும் நாளில் லூர்துமேரி அந்த மூங்கில் அரைப்படியைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தாள். "தராசு எனக்கு, இது உங்களுக்குங்க அண்ணி. அப்பாவக் கேட்டுட்டேன்" என்றாள்.

போன வருடக் கடைசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் குழந்தையை அந்தத் தராசுத் தட்டில் துணி விரித்துப் படுக்க வைத்து நிறுத்தார்களாம். மூன்று கிலோவைத் தாண்டி முள் நின்றதாம். மூன்று என்றே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தோணி சொல்ல, ஞானம் அத்தை கத்தினாராம்: "டேய், பிள்ளைக்குத் தலை தட்டாதடா!"

7

இதை எல்லாம் அனிதாவிடம் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜெர்மன். மாமா, அத்தை, நல்லம்பள்ளி எல்லாம் அவளுக்கு ஆல்பத்தில் இருக்கும் படங்கள்தான். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. "சரி, இப்ப எத்தன கிராம்?" என்றாள்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூங்கில் படியை இறக்கினேன். எங்கள் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, அவளையே ஊற்றச் சொன்னேன். அரிசி விளிம்பைத் தொட்டது. நான் நிறுத்தச் சொல்வேன் என்று என்னைப் பார்த்தாள். நான் அரிசிப் பையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடர்ந்து ஊற்றினாள். விளிம்புக்கு மேலே அரிசி ஏறியது, ஏறியது, பிறகு ஊற்ற ஊற்ற வழிந்து கீழே விழுந்ததே தவிர, கூம்பு அதற்கு மேல் வளரவில்லை.

அவள் மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு அதைக் கண் மட்டத்தில் பார்த்தாள்.

"இத யாரும்மா நிறுத்தினது?"

"யாருமில்ல."

பிறகு பென்சிலை எடுத்து, தன் வகுப்புத் தாளில் ஜெர்மன் மொழியில் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: அரிசி, 670 கிராம். அதற்கு மேல், தானாக நிற்கும் மட்டும்.

ஆசிரியை இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடக்கூடும். நான் திருத்தவில்லை.

எழுதி முடித்துவிட்டு அனிதா மறுபடியும் முகவாயை மேசையில் வைத்தாள். கூம்பின் மேல் மெதுவாக ஊதினாள். உச்சியிலிருந்த ஒரு அரிசி சறுக்கி விழுந்தது. மற்றவை நின்றன.